புதுப்பிப்பு: புற்றுநோய் நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்துவிட்டேன்

பொது வார்டு வேலையை விட்டுவிட்டு ஒரு வருட போஸ்ட் பேசிக் (நர்சிங் படிப்பு முடித்தவர்கள் சேரும்) புற்றுநோய் நர்சிங் டிப்ளமோ படிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. "ஐந்து வருட அனுபவம் போதாதா?" என்றவர்களுக்கு: போதாது.

டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறும்போது ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால், பழைய நான் பதறி ஊசியை உருவியிருப்பேன். தப்பு. முதலில் மருந்தை நிறுத்தி, ஊசியை அப்படியே வைத்து, தங்கிய மருந்தைச் சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். அப்புறம்தான் உருவுவது. பிறகு ஒத்தடம்: டாக்ஸோரூபிசினுக்குக் குளிர், வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்துக்குச் சூடு. மாற்றி வைத்தால் சதை இன்னும் கெடும். இதே வின்கிரிஸ்டின் தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் போனால் உயிருக்கே ஆபத்து. முதுகில் போடும் ஊசி மருந்தோடு மாறிப்போகாமல் இருக்கத்தான் சிரிஞ்சில் எடுக்காமல் சின்னப் பையில் கலந்து ஏற்றச் சொல்கிறார்கள். இதை யாரும் வார்டில் எனக்குச் சொன்னதில்லை.

கீமோ முடிந்து பத்தாம் நாள் காய்ச்சலா? பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்பதெல்லாம் கிடையாது. கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணு குறைந்திருக்கும் நேரம். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும்.

பணம் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: சேமிப்புதான் கரைகிறது. வீட்டில் முணுமுணுப்பு இருக்கிறது, சரி, பழகிவிட்டது. அடுத்த வாரம் கதிர்வீச்சுப் பிரிவில் போஸ்டிங்.