குட்டிப் பிள்ளைகளுக்குப் பெண்களின் வரலாறு: உங்களுக்குக் கைகொடுத்த படம் எது, பொருள் எது?

என் பங்குக்கு நானே தொடங்குகிறேன். பெயர், ஆண்டு, சாதனை எதையும் நான் முதலில் சொல்வதில்லை. படத்தை முன்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன், நமக்கு அதுதான் பெரிய கஷ்டம். இத்தாலியப் பெண் ஓவியர் சோஃபோனிஸ்பா ஆங்குயிசோலா 1555-ல் வரைந்த ஓவியம் ஒன்று, தங்கைகள் சதுரங்கம் ஆடுகிறார்கள், நடுவில் நிற்கும் வாண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். "அந்த அக்கா தோத்துட்டாங்க, அதான் இவ சிரிக்கிறா" என்று என் ஐந்து வயது மகள் கதையையே முடித்துவிட்டாள். வரைந்ததும் அவர்களுடைய அக்காதான் என்றதும், ஏன் தங்கச்சிகளையே வரைஞ்சாங்க என்று கேட்டாள். ஆண் ஓவியர்களைப் போல ஆடையில்லாத மாடல்களைப் பார்த்து உடலை வரையப் பழகும் வாய்ப்பு அப்போது பெண்களுக்கு இல்லை, வீட்டில் இருந்தவர்கள்தான் மாடல்கள் என்றேன். கேள்வி அவளுடையது என்பதால் பதிலைப் பொறுமையாகக் கேட்டாள்.

*

நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. இதே விஷயத்துக்கு நான் காட்டுவது யோஹான் ஸோஃபனி வரைந்த ராயல் அகாடமி ஓவியம். ஓவியர்கள், சிற்பிகளின் அமைப்பான அந்த அகாடமி லண்டனில் 1768-ல் தொடங்கியது, ஓவியம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. அறை முழுக்க ஆண்கள். இதில் இரண்டு உறுப்பினர்கள் மட்டும் மற்றவர்களோடு நிற்கவில்லை, எங்கே இருக்கிறார்கள் கண்டுபிடியுங்கள் என்பேன். கொஞ்ச நேரத்தில் யாராவது சுவரில் மாட்டிய இரண்டு பெண்களின் படங்களைக் காட்டிவிடுவார்கள். "அவங்க செத்துப் போயிட்டாங்களா மிஸ்?" என்று ஒரு குழந்தை கேட்டாள். இல்லை, உயிரோடுதான் இருந்தார்கள்! ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர், இருவரும் அகாடமியைத் தொடங்கிய உறுப்பினர்கள். அந்த அறையில் ஆடையில்லாத மாடல் இருந்ததால் பெண்கள் உள்ளே வருவது தகாது என்று அவர்களைச் சுவரில் மாட்டிவிட்டார் ஓவியர். வகுப்பு முதலில் கெக்கெக்கே என்று சிரிக்கும், சிரிக்க விடுங்கள், அடக்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சிரித்து முடித்த பிறகு ஒரு பையன், "அப்போ அவங்க கை கால் எல்லாம் எப்படி வரையக் கத்துக்குவாங்க?" என்றான். கலை வரலாற்றாசிரியர்கள் கேட்கிற அதே கேள்வி. இந்த இருவருக்குப் பிறகு முழு உறுப்பினராக இன்னொரு பெண், லாரா நைட், தேர்ந்தெடுக்கப்பட்டது 1936-ல்தான். படத்தை நீங்களே சரிசெய்து வரையுங்கள் என்று தாள் கொடுத்தேன், பலர் நாற்காலி போட்டு இருவரையும் உட்காரவைத்தார்கள், ஒருத்தி மட்டும் ஆண்கள் எல்லோரையும் தூக்கிச் சுவரில் மாட்டிவிட்டாள்.

*

நல்லாத்தான் இருக்கு, ஆனால் எல்லாமே ஓவியர்களாக இருக்கிறதே? தூரிகையே தொடாத பெண்கள்தானே அதிகம். நான் பேரனுக்குக் காட்டியது ஒரு பழைய பயிற்சித் தையல் துணி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறுமிகள் எழுத்துகள், எண்கள், கடைசியில் தன் பெயர், வயது, ஆண்டு என்று நூலால் தைத்துப் பழகியவை பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வேலைக்குப் போக வேண்டிய ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு அது பிழைப்புக்கான படிப்பும்கூட, பெரிய வீடுகளில் துணிகளுக்குக் குறியெழுத்துத் தைக்கத் தெரிய வேண்டும். "எட்டு வயசா? என் வயசு!" என்று கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திவிட்டான். வீட்டுக்கு வந்ததும் பெரிய ஊசியும் சாக்குத் துணியும் கொடுத்து உன் பெயரின் முதல் எழுத்தைத் தை பார்க்கலாம் என்றேன். மாலை முழுக்க அதிலேயே போயிற்று, பாதியில் ஊசியைத் தூக்கிப் போட்டதும் உண்டு. அந்தச் சிறுமிகளில் பலரைப் பற்றி இன்று நமக்குக் கிடைப்பது அந்தத் துணி மட்டும்தான் என்பதை அப்புறம்தான் சொன்னேன். (துணி வைத்திருக்கும் அறைகள் மங்கலாக இருக்கும், சாயம் வெளுக்காமல் இருக்க வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைப்பார்கள். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை என்றால் காரணத்தை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.)

*

ஒளிந்திருப்பதைத் தேடும் ஆட்டம் பிடித்த பிள்ளைகளுக்கு யூடித் லெய்ஸ்டர். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர், கையெழுத்துக்குப் பதில் தன் பெயரின் முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரம் போடுவார். அவர் வரைந்தவற்றை வெகுகாலம் அதே காலத்து ஆண் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாக நினைத்திருந்தார்கள், 1893-ல் ஒரு படத்தில் ஹால்ஸ் பெயரிலிருந்த போலிக் கையெழுத்துக்கு அடியில் நட்சத்திரம் அகப்பட்டது. இதைக் கேட்ட என் அக்கா பெண்ணுக்கு வந்த கோபம் இருக்கிறதே! இப்போது தான் வரையும் எல்லாவற்றிலும் தன் குறியை நான்கு மூலையிலும் போட்டுவிடுகிறாள்.

*

என் மகனுக்குப் பூச்சி தவிர வேறெதிலும் நாட்டமில்லை, அதனால் எனக்கு ஒரே வழி, பூச்சிகளைக் கவனித்து வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மேரியன்தான். 1699-ல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு பூச்சிகளைப் பார்க்கவே தென் அமெரிக்காவில் இருக்கும் சுரினாமுக்குக் கப்பலேறியவர். 1705-ல் வந்த அவருடைய நூலின் முதல் படமே அன்னாசிப்பழமும் கரப்பான்பூச்சிகளும். புழு, கூடு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் அது தின்னும் செடியோடு ஒரே தாளில் வரைந்திருப்பார். பெண்களின் வரலாறு என்றெல்லாம் இவனிடம் இன்னும் சொல்லவில்லை, இவனுக்கு அவர் 'கரப்பான் பாட்டி'. அடுத்த படம் எப்போது காட்டுவாய் என்று நச்சரிக்கிறான், பெரிதாக அச்செடுத்து வையுங்கள், கால்களை எண்ணுவார்கள்.