பெரிய வீட்டுக் குழு: விராலிமலைச் சாலையில் அறுந்த கிளட்ச் கேபிள்

புதன்கிழமை

காலை 9.48
நான்: அனைவருக்கும் வணக்கம். விராலிமலையிலிருந்து மணப்பாறைக்கு வந்துகொண்டிருக்கிறேன். ஊருக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது அப்பாவின் பழைய ஸ்பிளெண்டரில் கிளட்ச் லீவர் திடீரென்று இழுவையே இல்லாமல் தளர்ந்துபோனது. மூன்றாம் கியரில் இருந்த வண்டி, நிறுத்தும்போது ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. இப்போது தள்ளவும் முடியவில்லை.

காலை 9.51
மணப்பாறைப் பெரியப்பா: கியரில் நிற்கும் வண்டியைத் தள்ள முடியாது. வண்டியை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே குதிகாலால் பெடலை அழுத்து. ஒவ்வொரு கியராகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பிறகு நிழலில் நிறுத்திவிட்டு, லீவரின் மேல் இருக்கும் ரப்பர் உறையைப் பின்னால் தள்ளி, கம்பி எந்த முனையில் அறுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்.

காலை 9.58
நான்: நியூட்ரலுக்கு வந்துவிட்டது. கம்பி லீவர் பக்கம்தான் அறுந்திருக்கிறது. கம்பி முனையில் இருக்கும் குண்டு லீவரின் குழிக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து கால் அங்குலக் கம்பி துடைப்பம் போல விரிந்து நிற்கிறது. நான்கைந்து இழைகளின் முனை மட்டும் பளபளக்கிறது, மற்றவை கறுத்துத் துருவேறியிருக்கின்றன.

காலை 10.02
மணப்பாறைப் பெரியப்பா: பளபளப்பவை இன்று அறுந்தவை. கறுத்தவை பல வாரங்களுக்கு முன்பே அறுந்துவிட்டன. லீவரை அழுத்தும்போதெல்லாம் அந்தக் குண்டு தன் குழிக்குள் சிறிது சுழல வேண்டும். கிரீஸ் இல்லாமல் குழி காய்ந்துபோனால் குண்டு இறுகி நின்றுவிடும், சுழல வேண்டிய வேலையைக் குண்டுக்கு அடுத்துள்ள கம்பி வளைந்து வளைந்து செய்ய வேண்டியிருக்கும், அப்படித்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. என் பட்டறைக்கு வந்த அறுந்த கேபிள்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் அறுந்திருந்தன.

காலை 10.05
அப்பா: பொங்கலுக்குப் பிறகு லீவர் கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது. பிளே, அதாவது கம்பி இழுபடுவதற்கு முன் லீவர் சும்மா ஆடும் அளவு, அதிகமாகிக்கொண்டே போனதால், மேலே இருக்கும் அட்ஜஸ்டரை அவ்வப்போது திருகிச் சரிசெய்துகொண்டு வந்தேன். 1999இல் வாங்கிய வண்டிக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

காலை 10.07
மணப்பாறைப் பெரியப்பா: தம்பி, நீ திருகிய ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஓர் இழை போயிருக்கும். அதை மாலையில் பேசிக்கொள்வோம், பையன் வெயிலில் நிற்கிறான்.

காலை 10.09
கரூர் மாமா: கிளட்ச் இல்லாமலேயே ஓட்டி வந்துவிடலாம், மாப்பிள்ளை. நியூட்ரலில் கிக்கரை உதைத்துக் கிளப்பு, வண்டியோடு ஓடிக்கொண்டே ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போடு. அதன் பிறகு ஆக்சிலேட்டரை ஒரு நொடி முழுதாக விட்டு, அதே நொடியில் பெடலை அழுத்தினால் அடுத்தடுத்த கியர்கள் விழுந்துவிடும். நான் ஒருமுறை குளித்தலையிலிருந்து கரூர் வரை அப்படியே வந்திருக்கிறேன்.

காலை 10.12
மணப்பாறைப் பெரியப்பா: கரூர் மாப்பிள்ளை சொல்வது நடக்கும், ஆனால் வெற்றுச் சாலையில் நடக்கும். இன்று புதன்கிழமை, மாட்டுச் சந்தைக்கு வந்த லாரிகளும் மாடுகளும் ஊருக்குள் நுழையும் வழியெல்லாம் நிற்கும். நிற்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் முன்கூட்டியே நியூட்ரலுக்கு வர வேண்டும், மறுபடி இறங்கித் தள்ளி ஏற வேண்டும். கியர்ப் பற்களுக்கும் அது நல்லதில்லை. அருகில் பஞ்சர் கடை இருக்கிறதா?

காலை 10.14
நான்: நூறு அடியில் ஒன்று இருக்கிறது. கேபிள் அவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

காலை 10.16
மணப்பாறைப் பெரியப்பா: கேபிள் வேண்டாம். ட்யூப்லைட், மின்விசிறி இணைப்புக்குப் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று கேள். அதன் பிளாஸ்டிக்கை உடைத்தால் உள்ளே இரண்டு திருகு உள்ள சிறு பித்தளைக் குழல் கிடைக்கும். நமக்கு வேண்டியது அதுதான். முதலில் கைப்பிடிப் பக்க அட்ஜஸ்டரை முழுதாக உள்ளே திருகிவிடு. பிறகு எஞ்சினின் வலப்பக்க மூடியின் மேல், கேபிள் வந்து சேரும் பிடிமானத்தில் உள்ள இரண்டு நட்டுகளை 10–12 ஸ்பேனரால் தளர்த்து. கம்பி ஒரு விரற்கடை குறைந்திருக்கிறது அல்லவா, அந்த நீளத்தை இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிய்ந்த முனையை முறுக்கிச் சீராக வெட்டி, லீவரின் பிளவு வழியாக விட்டு, வெளியே வந்த பகுதியில் பித்தளைக் குழலைக் கோத்து இரண்டு திருகையும் நன்றாக இறுக்கு. அது குண்டைப் போலக் குழிக்குள் உட்காராது. பிளவின் வாயை அடைத்துக்கொண்டு வெளியே நிற்கும். அது போதும்.

காலை 10.41
நான்: [புகைப்படம்] கனெக்டர் கிடைத்தது, கம்ப்ரசரின் பழைய ஒயரிலிருந்து அவரே கழற்றிக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை. முதல் முறை லீவரைப் பிடித்ததும் கம்பி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குழலுக்கு வெளியே நீட்டியிருந்த முனையை மடக்கி மறுபடியும் குழலுக்குள் செருகி இறுக்கிய பிறகு நிற்கிறது.

காலை 10.43
மணப்பாறைப் பெரியப்பா: நல்ல யோசனை. தேவைப்படும்போது மட்டும் லீவரைப் பிடி. சந்தை நெரிசலில் பாதிக் கிளட்ச்சில் ஊர்ந்து வராதே. குழுவில் உள்ள பிள்ளைகள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வித்தை கிளட்ச் கேபிளுக்கு மட்டும்தான், முன் பிரேக் கேபிளில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

காலை 11.20
நான்: பெரியப்பா வீட்டு வாசலில் நிற்கிறேன்.

மாலை 5.35
நான்: அனைவருக்கும் ஒரு தகவல். கடையில் வாங்கிய புதிய கேபிளைப் பொருத்திய பிறகு லீவர் பழையதைவிடக் கடினமாகிவிட்டது. கைப்பிடியை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் லீவரின் பிளேயும் மறைந்துவிடுகிறது.

மாலை 5.38
கரூர் மாமா: புதிய கேபிள் அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்.

மாலை 5.44
மணப்பாறைப் பெரியப்பா: சரியாகாது, மாப்பிள்ளை. பழையதையும் புதியதையும் தரையில் அருகருகே நீட்டி வைத்துப் பார்த்தோம். புதியதன் அவுட்டர், அதாவது கம்பியை மூடியிருக்கும் வெளியுறை, இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கிறது. வேறு மாடலுக்கு உரியதைக் கொடுத்திருக்கிறார்கள். கூடுதல் நீளம் ஹெட்லைட்டுக்குப் பின்னால் முழங்கை போல மடிந்து நிற்கிறது, கைப்பிடி திரும்பும்போது அந்த மடிப்புத்தான் இறுகுகிறது. கேபிள் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், அவுட்டரின் நீளத்தோடு இரண்டு முனைகளிலும் வெளியே தெரியும் கம்பியின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். பையனை மறுபடி கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இரவு 7.10
நான்: மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். முதல் முறையே பழைய கேபிளை உடனே உருவியிருக்கக் கூடாது என்றார் பெரியப்பா. அதன் மேல் முனையில் புதியதன் கீழ் முனையை நூலால் கட்டி, கீழே எஞ்சின் பக்கத்திலிருந்து பழையதை இழுத்திருக்க வேண்டுமாம். இந்த முறை புதியதைப் பழைய வழியிலேயே, டேங்குக்கு அடியில் எங்கும் நசுங்காமல் பார்த்து விட்டோம். பொருத்துவதற்கு முன்பு, பாலிதீன் பையின் மூலையைக் கத்தரித்துக் கேபிளின் தலையில் புனல் போலக் கட்டி, அதில் எஞ்சின் ஆயில் ஊற்றித் தொங்கவிட்டோம். மறுமுனையில் சொட்டு வர அரை மணி நேரம் ஆனது. குண்டுக்கும் லீவரின் குழிக்கும் கிரீஸ் தடவினோம்.

இரவு 7.16
அப்பா: பிளே எவ்வளவு வைத்தீர்கள், அண்ணா?

இரவு 7.21
மணப்பாறைப் பெரியப்பா: லீவரின் நுனியில் 15 மில்லிமீட்டர். 10 முதல் 20 வரை இருக்கலாம். உன்னைப் போல முழுதாக இறுக்கி வைத்தால் கிளட்ச் ஒருபோதும் முழுமையாகப் பிடிக்காது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி போகாது, தட்டுகள் கருகும். பிளே அதிகமாகிவிட்டால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் மாறும்போது சத்தம் வரும், நிற்கும்போது நியூட்ரல் அகப்படாது. பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டியைக் கிளப்பி, கிளட்ச்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டுப் பார்த்தோம். பின்சக்கரம் மெல்லச் சுற்றியது, பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட்டது. கைப்பிடியை இருபுறமும் திருப்பியும் பார்த்தாயிற்று, பிளே மாறவில்லை. லீவரின் குழி மட்டும் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. அதற்கும் ஒரு புதிய லீவர் வாங்கிவிடு. இல்லாவிட்டால் இந்தக் குண்டும் கோணலாக உட்கார்ந்து, அடுத்த பொங்கலுக்குள் மறுபடி இந்தக் குழுவுக்குத் தகவல் வரும்.

இரவு 7.30
லால்குடி அத்தை: அண்ணா, என் ஸ்கூட்டரிலும் இடக்கைப் பக்கம் லீவர் கொஞ்ச நாளாகக் கடினமாக இருக்கிறது. எனக்கும் கிளட்ச் கேபிள் மாற்ற வேண்டுமா?

இரவு 7.33
மணப்பாறைப் பெரியப்பா: உன் ஸ்கூட்டரில் கிளட்ச் லீவரே கிடையாது, அம்மா, கியர் இல்லாத வண்டியில் இடக்கையில் இருப்பது பின் பிரேக். அதனால்தான் அதை இன்னும் சீக்கிரம் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. நாளைக் காலை உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் காட்டு, அதுவரை வண்டியை எடுக்காதே.