முன் பிரேக்குக்குக் காற்று: ட்ராக்கில் ஓட்டுபவர்களின் அனுபவம்

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் அன்றாட வண்டியையே கொண்டுபோய் ஓட்டுபவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி: முன் பிரேக்குக்கு டக்ட், அதாவது வெளிக்காற்றை ஹோஸ் வழியாக பிரேக்குக்குக் கொண்டுவரும் ஏற்பாடு, போட்டால் பலன் உண்டா? உண்டு. ஆனால் காற்றை எங்கே கொண்டுபோய் விடுகிறோம் என்பதில்தான் விஷயம். என்னுடையது சின்ன டர்போ ஹேட்ச்பேக். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க், அதைப் பிடிக்கும் காலிப்பர் இரண்டும் வண்டியோடு வந்தவை, டிஸ்க்கில் உரசும் பேட் மட்டும் ட்ராக்குக்கானது.

முதலில் கணக்கு. ஆளோடு 1,150 கிலோ வரும் வண்டி 160 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால், கிட்டத்தட்ட 975 கிலோ ஜூல் ஆற்றல் சூடாக மாறியாக வேண்டும். அதில் 70 சதவீதம் முன் பிரேக்குகளின் தலையில் விழுகிறது என்று வையுங்கள். டிஸ்க் ஒன்று 5 கிலோ என்றால், ஒரே மிதியில் அதன் சூடு 150 டிகிரி அளவுக்கு ஏறும். காற்றுத் தடையும் எஞ்சினும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், சரி. ஆனாலும் 3.7 கி.மீ. சுற்றில் ஒரு மிதியோடு யார் நிறுத்துகிறார்கள்? ஏறிய சூடு அடுத்த மிதிக்குள் இறங்காவிட்டால் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும்.

இதற்குச் சென்னை வெயிலைத் திட்டுபவர்கள் நிறைய பேர். 500 டிகிரியில் இருக்கும் டிஸ்க்குக்கு வெளிக்காற்று 25 ஆனால் என்ன, 38 ஆனால் என்ன? வித்தியாசம் சொற்பம். வெயில் வாட்டுவது நம்மையும் எஞ்சினையும்தான்.

நடுவில் இடைவெளி விட்டு வார்த்த டிஸ்க், கிணற்று மோட்டாரின் இம்பெல்லர் மாதிரி வேலை செய்கிறது. நடுக்கண்ணில் காற்றை இழுத்து, உள்ளே இருக்கும் துடுப்புகள் வழியாக விளிம்புக்கு வீசுகிறது. ஆகவே ஹோஸின் வாய் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதியை) ஒட்டி, டிஸ்க்கின் உட்பக்கக் கண்ணைப் பார்த்தபடி இருக்க வேண்டும். டிஸ்க் முகத்தில் ஊதினால் உள்முகம் மட்டும் குளிரும், வெளிமுகம் கொதித்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் கோணவும் விரிசல் விடவும் அது போதும். பம்பரில் அழகாகத் துளை போட்டு, விலை உயர்ந்த ஹோஸ் மாட்டி, மறுமுனையை வீல் ஆர்ச்சுக்குள் சும்மா திறந்துவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

நான் காற்றை எடுத்தது ஃபாக் லேம்ப் இருந்த இடத்தில். ஓடும் வண்டியில் பம்பரின் முன்முகத்தில்தான் அழுத்தம் அதிகம், அங்கே நேரான வாயே போதும். நாகா டக்ட் (பரப்போடு பதிந்திருக்கும் காற்று வாய்) எல்லாம் காற்று ஒட்டி ஓடும் தட்டையான பரப்புக்கு. அங்கிருந்து சிலிக்கான் பூசிய 2.5 இன்ச் ஃபைபர்கிளாஸ் ஹோஸ். தெரிந்த டிங்கர் ஒருவர் டஸ்ட் ஷீல்டை (டிஸ்க்கின் உட்பக்கத்தை மறைக்கும் தகட்டை) வெட்டி, அதில் தகரக் குழாய் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். நேரம் தின்றது இதற்கு நடுவில் இருக்கும் வேலைதான்: ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சஸ்பென்ஷனை ஜாக்கியால் ஏற்றி இறக்கி, ஹோஸ் டயரிலோ டிரைவ் ஷாஃப்டிலோ உரசுகிறதா என்று பார்ப்பது. ஹப் பக்கம் பிளாஸ்டிக் டேக் போடாதீர்கள், உருகிவிடும். கிளாம்ப், கம்பி இரண்டுதான் நிற்கும்.

பலனை டிஸ்க் விளிம்பில் பூசிய வெப்பப் பெயின்ட்டில் பார்த்தேன். பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். டக்ட் இல்லாதபோது பச்சையும் ஆரஞ்சும் மாறின. போட்ட பிறகு, அதே வேகத்தில், பச்சை மட்டும். பிட்டில் (ட்ராக்கை விட்டு வண்டி வந்து நிற்கும் இடத்தில்) நின்று டெம்பரேச்சர் கன் பிடிப்பதைவிட இதை நம்பலாம். உள்ளே வருவதற்குள் டிஸ்க் நிறைய ஆறிவிடுகிறது.

———

மேல எழுதினவர் சொன்ன டக்ட் எல்லாம் சரி, அதுக்கு முன்னாடி பிரேக் ஆயில்னு ஒண்ணு இருக்கு. யாரும் பேசறதே இல்ல.

ஃப்ரெண்ட் வண்டில பக்கத்து சீட்ல இருந்தேன். ஸ்ட்ரெய்ட் முடியற இடத்துல மிதிச்சான், பெடல் நேரா தரைக்குப் போயிடுச்சு. விட்டு விட்டு மிதிச்சு, கியரைக் குறைச்சு, கடைசில மண்ணுல போய் நின்னோம். இறங்கினதும் அவன் சொன்னது, "பேட் போயிடுச்சுடா". இல்லவே இல்ல. பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலேன்னா பேட் சூடு. பெடல் பொதபொதன்னு உள்ள போனா ஆயில் கொதிச்சு ஆவியாகி லைன்ல நிக்குது. டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, ஈரம் ஏறின பிறகு 155 வரைக்கும் இறங்கலாம். அது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற சாமான், நம்ம ஊர் கடலோரம், மீதிய நீங்களே யோசிச்சுக்கோங்க. 300 டிகிரிக்கு மேல தாங்கற ரேஸ் ஆயில் கிடைக்குது, ஊத்தி ஒழுங்கா ப்ளீட் பண்ணுங்க, அதாவது லைன்ல இருக்கற பழைய ஆயிலையும் காத்தையும் வெளியேத்துங்க. டக்ட் செலவுல ஒரு துண்டுதான் ஆகும்.

இன்னொண்ணு, வண்டி சறுக்காமப் பாத்துக்கற ஈஎஸ்பி சிஸ்டம் அடிக்கடி வேலை செஞ்சா அதுவும் பிரேக்கைத்தான் பிடிக்குது. நீங்க மிதிக்காத இடத்துலயும் டிஸ்க் சூடாகும். புதுசா ஓட்டறவங்க அதுக்காக ஆஃப் பண்ணிடாதீங்க, வேகத்தக் குறைங்க.

———

கோவை பக்கம் செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்ல ஓட்டறவங்களுக்காக எழுதறேனுங்க. அது 2.1 கி.மீ.தான். பெரிய வேகம் வராது, ஆனா பிரேக்குக்கு ஓய்வும் கிடைக்காது.

எனக்குப் பம்பரை வெட்ட மனசு வரலீங்க, தினமும் அதே வண்டிலதான் ஆபீஸ். சஸ்பென்ஷனோட கீழ்க்கையான லோயர் ஆர்ம்ல சின்னத் தகடு ஒண்ணு மாட்டி, வண்டிக்கு அடில போற காத்தை டிஸ்க் கண்ணுக்குத் திருப்பி விட்டேன். புது யோசனையெல்லாம் இல்லீங்க. போர்ஷே பாக்ஸ்டர், கேமன் வச்சிருக்கறவங்க 911 ஜிடி3-ல வர்ற தகட்டை வாங்கி மாட்டறது ரொம்ப நாளாவே நடக்குது. எனக்கு அலுமினியத்துல பட்டறைலயே வளைச்சுக் குடுத்தாங்க. ஹோஸ் அளவுக்கு வராது, ஆனா ஆர்ம் கூடவே ஏறி இறங்கறதால உரசற தொல்லை இல்ல. ஸ்பீடு பிரேக்கர்ல தட்டாத உயரத்துல வைக்கணும், அவ்வளவுதானுங்க.

டஸ்ட் ஷீல்டை முழுசாக் கழட்டிட்டாப் போதும்னு சிலர் சொல்றாங்க. காத்து வரும், மறுக்கலை. ஆனா பால் ஜாயின்ட் ரப்பருக்கு டிஸ்க் சூடு படாம மறைக்கறதும் அதே ஷீல்டுதானுங்க. வெட்டறவங்க பால் ஜாயின்ட் பக்கத்தை மட்டும் வெட்டாம விட்டுருங்க. மழை நாள்ல டக்ட் வாயை டேப் போட்டு அடைச்சுருங்க. ட்ராக் பேட் சூடு ஏறாமப் பிடிக்காது, குளிர்ந்து கிடந்தா முதல் மிதில ஒண்ணுமே நடக்காதுங்க. ஓட்டி முடிச்சதும் ஒரு சுத்து பிரேக் தொடாம மெதுவா வந்துட்டு, ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல நிறுத்தி, வீலுக்குக் கட்டை வைங்க.

முதல்ல எழுதுன அண்ணா, அந்தப் பெயின்ட் கோவைல எந்தக் கடைல கேக்கலாமுங்க?