மூன்று செட் குளோ பிளக் போன பிறகு கண்டுபிடித்தது

என்னுடையது பழைய நான்கு சிலிண்டர் டீசல் வண்டி, டீசல் முதலில் பக்கத்துச் சின்ன அறையில் விழுந்து பற்றும் இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் இரண்டு சிலிண்டரில் மட்டும் ஓடி, வெள்ளைப் புகை விட்டு, ஒரு நிமிடம் நன்றாக ஆடிவிட்டுத்தான் சீராகும். குளோ பிளக் (குளிர்ந்த இன்ஜின் பற்றுவதற்காக உள்ளே சூடேற்றும் பிளக்) போய்விட்டது என்றார் மெக்கானிக், நான்கையும் மாற்றினோம், சரியாகிவிட்டது. நான்கே மாதத்தில் மறுபடி அதே ஆட்டம். பிளக் தரமில்லை என்று நினைத்து வேறு கம்பெனி பிளக் போட்டேன், அதுவும் அவ்வளவு நாள்தான் வந்தது. இந்தக் காலத்தில் இரண்டு முறை பேட்டரி வேறு ஒரே ராத்திரியில் இறங்கி நின்றது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று அதைத் தனிக் கதையாக விட்டுவிட்டோம், அங்கேதான் கோட்டைவிட்டேன்.

மூன்றாவது முறை கழற்றும்போது பழைய பிளக்குகளைத் தூக்கி எறியாமல் ஒரு அட்டையில் 1, 2, 3, 4 என்று எழுதி அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். 1, 2, 4 மூன்றிலும் கம்பி நடுவில் உப்பியிருந்தது, ஒன்றில் உறையே வெடித்திருந்தது. 3 மட்டும் உப்பவில்லை, ஆனால் நுனி உருகிக் கரைந்து பாதிதான் மிச்சம். ஒரே இன்ஜினில் ஒரே நாளில் கழற்றியவை, போன விதம் மட்டும் வேறு வேறு. ஆக இரண்டு கோளாறு இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

உப்பினால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று வோல்டேஜ் அதிகம், இல்லையென்றால் கரண்ட் பாயும் நேரம் அதிகம். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட்தான் வந்தது, ஆல்டர்னேட்டர் சரி. புது பிளக் போட்டுவிட்டு, அவற்றுக்குக் கரண்ட் போகும் பட்டையிலிருந்து ஒரு வயரை உள்ளே இழுத்து, ஒரு சின்ன பல்பைக் கட்டி, கண்ணில் படுகிற மாதிரி தொங்கவிட்டேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் டேஷ்போர்டில் இருக்கும் குளோ பிளக் விளக்கு வழக்கம்போல அணைந்துவிட்டது, என் பல்பு மட்டும் அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. சாவியை எடுத்தேன், அப்போதும் எரிகிறது! ரிலேயை (பிளக்குக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) கையால் தட்டியதும்தான் அணைந்தது. பேட்டரி இறங்கியதற்கும் விடை அதிலேயே கிடைத்துவிட்டது. நான்கு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதை வருடக்கணக்கில் வெட்டி வெட்டி ரிலேக்குள் இருக்கும் காண்டாக்ட் கருகி, அவ்வப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டு விளக்கு அணைவது டைமர் கணக்குதான், அதை நம்பி பிளக்குக்குக் கரண்ட் நின்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

மூன்றாம் சிலிண்டர் கதை வேறு. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்டரில் வைத்து அடித்துப் பார்த்தால், புகை மாதிரி பரவ வேண்டிய டீசல் ஒரு பக்கமாகப் பீய்ச்சியது, நின்ற பிறகும் சொட்டியது. அந்தச் சிலிண்டரில் நெருப்பு தாறுமாறாக எரிந்து பிளக் நுனியைத் தின்றிருக்கிறது. இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் நாசிலும், அடியில் வரும் வாஷரும் புதிதாகப் போட்டோம் (அந்த வாஷரைத் தயவுசெய்து திரும்பப் போடாதீர்கள்). புது ரிலேயும் நாசிலும் போட்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது, அதே நான்கு பிளக் இன்னும் ஓடுகிறது.

* * *

என் வண்டி வேறு, எனக்கு நான்கு குளோ பிளக்கின் நுனியும் உருகியிருந்தன. நான்கு இன்ஜெக்டரும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வழியில்லையே என்று யோசித்தபோதுதான், டைமிங் பெல்ட் மாற்றிய நாளிலிருந்தே இன்ஜின் கடகடவென்று அடித்தது நினைவுக்கு வந்தது. அந்த பெல்ட் சுற்றும் டீசல் பம்ப் ஒரு பல் முன்னால் உட்கார்ந்திருந்தது. டீசல் சீக்கிரமே உள்ளே விழுந்ததால் சூடு ஏறி நான்கையும் சாப்பிட்டுவிட்டது. சரியாக உட்கார வைத்ததும் சத்தமும் அடங்கியது.

* * *

மேலே சொன்ன இருவரையும் விட நான் பட்டது இன்னும் சின்ன விஷயம், ஆனால் அலைந்தது அதிகம். 12 வோல்ட் நேராகப் போகும் என் இன்ஜினில் 6 வோல்ட் பிளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மரை ஒன்று, நீளம் ஒன்று, உடம்பில் அடித்திருந்த எண் மட்டும் வேறு. சில நொடிகளில் பளீரென்று பழுத்து, ஒரு வாரத்தில் நான்கும் போயின. இப்போதெல்லாம் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஓம் மீட்டரில் பார்த்துவிடுகிறேன். என் இன்ஜின் பிளக் நல்லதாக இருந்தால் ஒரு ஓம் அக்கம்பக்கம் காட்டும், போனது உள்ளே அறுந்திருப்பதால் அளவே காட்டாது. மீட்டர் வயரின் சொந்த அளவைக் கழித்துவிட்டுப் பாருங்கள், இவ்வளவு சின்ன அளவில் அதுவே கணக்கை மாற்றிவிடும். அப்புறம், கழற்றும்போது இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், இன்ஜினைச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். ஒன்று சிலிண்டர் ஹெட்டுக்குள் (இன்ஜினின் மேல் மூடி) உடைந்து போய் ஹெட்டையே இறக்க வேண்டியதாகிவிட்டது எனக்கு.