தைராய்டு ஆபரேஷன், ஸ்டீராய்டு ஊசி: சர்க்கரை உள்ளவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த வாரம் அக்காவுக்குத் தைராய்டை முழுதாக எடுக்கிறார்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 8 மில்லிகிராம், ஒரே ஒரு ஊசி போடுவோம் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் குமட்டல், வாந்தி, வலி எல்லாம் குறையுமாம். கழுத்தில் தையலோடு ஓங்கரித்தால் உள்ளே ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு, அதனால் எனக்கும் இது சரி என்றுதான் படுகிறது. 2008இல் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில் இதே அளவு மருந்து குரலுக்கும் நல்லது செய்திருக்கிறது. அக்கா பள்ளி ஆசிரியை, குரலை நினைத்துத்தான் தூங்காமல் கிடக்கிறாள்.

ஆனால் அவளுக்குச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் எடுக்கிறாள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடுமே! இந்த ஊசி போட்டுக்கொண்ட சர்க்கரைக்காரர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எவ்வளவு ஏறியது, எப்போது இறங்கியது? இன்சுலின் போட வேண்டி வந்ததா? புண் ஆறத் தாமதமானதா? குரல் பழையபடி வர எவ்வளவு நாளானது?

மருந்தை டாக்டர்தான் முடிவு செய்வார். அவரிடம் முன்கூட்டியே என்னென்ன கேட்டு வைக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவி.