அம்மம்மாவுக்கு எக்சூபரன்டோ எபுலியன்டோ சரி?

சிவப்புச்சைக்கிள்_கொக்குவில்:
எல்லாருக்கும் வணக்கம். வாற சனிக்கிழமை எங்கட அம்மம்மான்ர எண்பதாவது பிறந்தநாள், கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும் பேரப்பிள்ளையள் வந்து நிக்குதுகள், அதுகளுக்குத் தமிழ் அரைகுறையாத்தான் விளங்கும், அதால நான் இங்கிலீஷில ரெண்டு நிமிசம் பேசோணும் எண்டு முடிவு கட்டியாச்சு. என்னை ஆரும் கேக்கேல்லை.

சொல்ல இருக்கிறது ரெண்டே ரெண்டு விசயம். ஒண்டு, ஆள் எப்பவும் ஒரே புளுகம், ஆரும் படலையைத் திறந்தா குசினிக்குள்ள நிண்டே கதை தொடங்கீடும். மற்றது அவவின்ர வளவு. தேசி, மாதுளை, முருங்கை, கறுத்தக்கொழும்பான் எண்டு எல்லாம் அள்ளுகொள்ளை. இதுக்குச் சொல்லுத் தேடி போனைத் தட்டினா எக்சூபரன்ட், எபுலியன்ட், எஃபியூசிவ், லாவிஷ், புறொஃபியூஸ், லக்சூரியன்ட், கோப்பியஸ் எண்டு ஒரு குவியல், எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே கருத்து. நான் "லக்சூரியஸ் கார்டின்" எண்டும், அம்மம்மா எங்களுக்கு "ஃபுல்சம் லவ்" தந்தவ எண்டும் எழுதிக் காட்ட மச்சாள் விழுந்து விழுந்து சிரிக்கிறா. என்ன பிழை எண்டு மட்டும் சொல்லமாட்டாவாம். ஆராவது சொல்லுங்கோவன்.

பழைய_சோக்குக்கட்டி:
மச்சாள் சிரிச்சதில ஞாயம் இருக்கு பிள்ளை. லக்சூரியஸ் எண்டா சொகுசு. ஹோட்டல் அறை, ஏசி பஸ், மெத்தை, இதுகளுக்குச் சொல்லுறது. அம்மம்மான்ர வளவில பளிங்குத் தரையும் நீச்சல் குளமும் இருக்கெண்டால் போடலாம். செடிகொடிக்கு லக்சூரியன்ட். ரெண்டும் லத்தீனில லக்சூரியா எண்ட ஒரே தாயின்ர பிள்ளையள்தான், ஆனா கலியாணம் கட்டி வேற வேற ஊருக்குப் போட்டுதுகள். நாங்கள் மரம் "மதாளிச்சு நிக்குது" எண்டு சொல்லுவமெல்லோ, லக்சூரியன்டுக்கு அதை விட நல்ல தமிழ் நான் இன்னும் காணேல்லை. அடர்த்தியான தலைமயிருக்கும் இதே சொல்தான்.

ஆனா ஒண்டு கவனியுங்கோ. மதாளிச்சு நிக்கிறதெல்லாம் காய்க்கிறதில்லை. யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்ட மிளகாய்க் கண்டைப் பாத்திருப்பியள், கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரே பச்சை, காய் மட்டும் இல்லை. அதுவும் லக்சூரியன்ட்தான். இலையும் கொப்பும்தான் அந்தச் சொல்லுக்குக் கணக்கு. மாம்பழம் கூடை கூடையா இறங்கினதைச் சொல்ல அபன்டன்ட் போடுங்கோ, இல்லாட்டி பவுன்டிஃபுல். பவுன்டிஃபுல்லில ஒரு கைகுடுக்கிற குணமும் சேந்து வரும், அதாவது மரம் மனசு வைச்சுத் தந்த மாதிரி.

லாவிஷ், புறொஃபியூஸ், எஃபியூசிவ் மூண்டுக்கும் அடியில ஓடுறது தண்ணி. லாவிஷ் பழைய பிரெஞ்சில கொட்டுற மழைக்கு இருந்த சொல்லில இருந்து வந்தது, மற்ற ரெண்டும் லத்தீனில ஊத்துறது. கலியாண வீட்டில காசைத் தண்ணியா இறைச்சிட்டாங்கள் எண்டு நாங்கள் சொல்லுறமே, அதேதான் லாவிஷ். எஃபியூசிவ் வாயால ஊத்துறது, நன்றி, பாராட்டு, வரவேற்பு. அதில "கொஞ்சம் கூடிப்போச்சு" எண்ட வாசமும் அடிக்கும்.

சோடாப்போத்தில்:
சேர் வளவைப் பாத்திட்டார், நான் அம்மம்மாவைப் பாக்கிறன்.

எபுலியன்ட் எண்டா லத்தீனில கொதிச்சுப் பொங்கி வழியிறது. தைப்பொங்கலண்டு பால் பொங்கேக்க வெடி கொளுத்துவமே, அந்த நேரத்துச் சந்தோசம். ஆனா எங்கட தமிழில கொதிக்கிறது எண்டா கோவம். "அப்பா கொதிச்சுப்போய் நிக்கிறார்" எண்டால் வீட்டுக்குள்ள ஒருத்தரும் போகமாட்டினம். எபுலியன்டில அந்தக் கோவம் துளியும் இல்லை, சிரிப்பும் கதையுமா நுரைச்சுக்கொண்டு வாறதுதான்.

எக்சூபரன்ட் வேற. அதுக்குள்ள இருக்கிறது ஊபெர் எண்ட லத்தீன் சொல், கருத்து மாட்டு மடி, அதோட வளம், செழிப்பு (கார் கூப்பிடுற ஆப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை). இங்கிலீஷில மடிக்குச் சொல்லுற அடர் கூட இதுக்குத் தூரத்துச் சொந்தம். மடி நிறைஞ்சு தானாச் சுரக்கிறது எண்டு நினைச்சுப் பாருங்கோ. அதாலதான் எக்சூபரன்டை ஆளுக்கும் போடலாம், காட்டுக்கும் கொடிக்கும் போடலாம், கோயில் கோபுரத்துச் சிற்ப வேலைக்கும் போடலாம். எபுலியன்டை இப்ப ஆக்களுக்கும் அவையின்ர குணத்துக்கும்தான் போடுவினம், எபுலியன்ட் முருங்கை எண்டு எழுதினா மச்சாள் திரும்பச் சிரிப்பா.

என்ர கணக்கில, துள்ளிக் குதிக்கிற சின்னப் பிள்ளையள் எக்சூபரன்ட், இருந்த இடத்தில இருந்தே சபையைக் கலகலப்பாக்கிற பெரிய ஆள் எபுலியன்ட். அம்மம்மா குசினிக்குள்ள நிண்டே கதை தொடங்குறா எண்டால் எனக்கு எபுலியன்ட்தான் கேக்குது.

வாட்டில்_இரவுவேலை:
வேரைப் பாத்தா மட்டும் காணாது, அந்தச் சொல்லோட ஆர் ஒட்டிக்கொண்டு திரியினம் எண்டும் பாக்கோணும். நான் வேலை செய்யிற இடத்தில புறொஃபியூஸ் எண்டு காதில விழுந்தா ஒண்டில் வேர்வை, இல்லாட்டி ரத்தம். வெளியில எண்டால் மன்னிப்புக் கேக்கிறது. புறொஃபியூஸ் லவ் எண்டு அம்மம்மாவுக்கு எழுதினா எனக்குப் பஞ்சும் பான்டேஜும்தான் ஞாபகம் வரும். கோப்பியஸ் நோட்ஸுக்கும் கண்ணீருக்கும். ஆம்பிள் எண்டா போதும் போதுமெண்ட அளவு, நேரம், இடம் இதுகளுக்கு. பொங்குறது வழியிறது ஒண்டும் அதில இல்லை.

எக்சூபரன்டும் எப்பவும் நல்ல பிள்ளை இல்லை. 1996 டிசம்பர் 5ஆம் திகதி அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் அலன் கிறீன்ஸ்பான் ஒரு பேச்சில "இறாஷனல் எக்சூபரன்ஸ்" எண்டு சும்மா ஒரு கேள்விக்குள்ள வைச்சுச் சொன்னவர், பங்கு விலையள் கண்மண் தெரியாத புளுகத்தில ஏறுதோ எண்ட கருத்தில. அதுக்கே கன நாட்டுப் பங்குச்சந்தையள் சரிஞ்சது. எபுலியன்டுக்கு இப்பிடி ஒரு கெட்ட பேர் இல்லை.

ஃபுல்சம் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ஆதியில அது நிறைவு, ஏராளம் எண்ட நல்ல கருத்தோட இருந்த சொல்தான், பிறகு திகட்டுற, வாய்க்கு ஒவ்வாத எண்ட பக்கம் சாஞ்சிட்டுது. ஃபுல்சம் பிறெய்ஸ் எண்டால் கனபேருக்கு முகஸ்துதி எண்டுதான் கேக்கும். இப்ப சில பேர் திரும்ப நல்ல கருத்தில எழுதினம், மற்றவை அதைப் பாத்துப் பல்லைக் கடிக்கினம். ஆர் எந்தப் பக்கம் எண்டு தெரியாத சபையில அதைத் தொடாதேங்கோ.

படலைக்கு_வெளியால:
நான் கன காலமா புறொடிகல் எண்டா திரும்பி வந்த ஆள் எண்டு நினைச்சிருந்தனான், பைபிளில லூக்கா 15இல வாற பெடியன் கடைசியில வீட்டை வந்ததால. பிறகு பாத்தா கோயிலில சின்ன வயசில இருந்து ஊதாரி மகன் எண்டுதான் கேட்டு வளந்திருக்கிறன். விடை தமிழில கிடந்தது, நான் இங்கிலீஷில தேடியிருக்கிறன்.

அது சரி, அம்மம்மாவுக்கு ஜோவியல் போட்டா என்ன? அது ஜோவ், அதாவது வியாழக் கிரகத்தில இருந்து வந்த சொல்லாம். குரு பார்க்கக் கோடி நன்மை.

சோடாப்போத்தில்:
@படலைக்கு_வெளியால ஜோவியல் எண்டா எனக்கு வண்டி வைச்ச மாமா ஒராள் முதுகில தட்டிச் சிரிக்கிற மாதிரித்தான் தெரியுது. பிழையெண்டு இல்லை, அம்மம்மாவுக்கு ஒட்டேல்லை.

சிவப்புச்சைக்கிள்_கொக்குவில்:
எல்லாருக்கும் பெரிய நன்றி (எஃபியூசிவ் இல்லை, அளவாத்தான்). ஆளுக்கு எபுலியன்ட், வளவுக்கு லக்சூரியன்ட், மாம்பழத்துக்கு அபன்டன்ட், லவ்வுக்கு ஒண்டும் இல்லை, வெறும் லவ். மச்சாளிட்டக் காட்டினன், சிரிக்கேல்லை.

பிறகு அம்மம்மாவையே கூப்பிட்டு இருத்தி, பொங்குற பால்க் கதையும் மடிக் கதையும் விளங்கப்படுத்தி, உங்களுக்கு எது வேணும் எண்டு கேட்டன். எங்கட வீட்டில கனகாலம் மாடு நிண்டது, அவ யோசிக்கவே இல்லை.

"பொங்கினா அடுப்பில போயிடும் மோனை. மடியையே எழுது."

இப்ப எக்சூபரன்ட் எண்டு மாத்தியிருக்கிறன்.