குஞ்சம் பத்து, குறுக்குக் கட்டை ஒன்று: இது ஆயரா, பேராயரா?

கல்லில் செதுக்கிய பழைய கத்தோலிக்கத் திருச்சபை இலச்சினை ஒன்றின் படம் கிடைத்திருக்கிறது. நிறமும் இல்லை, பெயரும் இல்லை. கேடயத்துக்கு மேல் அகன்ற தொப்பி, பக்கத்துக்கு 10 குஞ்சம். ஆயருக்கு (பிஷப்புக்கு) பச்சைத் தொப்பியும் பக்கத்துக்கு 6 குஞ்சமும், பேராயருக்கு 10, கர்தினாலுக்குச் சிவப்பும் 15-ம் என்பது தெரியும். ஆனால் பேராயர் என்றால் கேடயத்தின் பின்னால் நிற்கும் சிலுவைக்கு இரண்டு குறுக்குக் கட்டை இருக்க வேண்டுமே? இதில் ஒன்றுதான்! முற்காலத்தில் குஞ்சக் கணக்கில் இவ்வளவு கண்டிப்பு கிடையாது, அதனால் ஆயராகவும் இருக்கலாம்.

ஆயர் முடியும் செங்கோலும்கூட இருக்கின்றன. 1969-ல் ரோம் அவற்றை இலச்சினையிலிருந்து விலக்கியது; எனவே அதற்கு முந்தையது என்றே ஊகிக்கிறேன்.

கேடயத்துக்குள் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் பெலிக்கன். அது நற்கருணையின் (கிறிஸ்து தம் உடலையும் ரத்தத்தையும் உணவாகத் தரும் சடங்கின்) சின்னம், சந்தேகமில்லை. கீழே உள்ள சிப்பிதான் குழப்புகிறது: அது குறிப்பது திருப்பயணிகளின் புனித யாக்கோபையா, திருத்தந்தை 16-ம் பெனடிக்ட் இலச்சினையில் உள்ளதுபோல் புனித அகுஸ்தினாரையா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.